டெனாலியில் பஸ்ஸில் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

அலாஸ்கா போகிறோம், டெனாலி தேசியப் பூங்காவும் திட்டத்தில் இருக்கிறது என்று சொன்னால், அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் "கார் எடுத்தாச்சா?" என்பதுதான். எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் பூங்காவுக்குள் அந்தக் கார் 15 மைலோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் கோடை முழுக்கப் பூங்கா பஸ்தான். இல்லையென்றால் சைக்கிள், அதுவும் இல்லையென்றால் நடை. ஏறத்தாழ 24,500 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு இருப்பது ஒரே ஒரு சாலை, 92 மைல் நீளம்.

இந்த ஏற்பாடு 1972-ல் வந்தது. ஆங்கரேஜையும் ஃபேர்பேங்க்ஸையும் இணைக்கும் ஜார்ஜ் பார்க்ஸ் நெடுஞ்சாலை அப்போதுதான் திறந்திருந்தது. அதுவரை ரயிலிலும் சுற்றுவழியிலும் கொஞ்சம் பேர் வந்து போன இடத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றுவிடும் என்று நிர்வாகம் பயந்தது. பயந்ததும் நல்லதுக்குத்தான். இன்றைக்குச் சாலையோரம் ஒரு கரடி இலை தின்றுகொண்டிருக்க, பக்கத்தில் பஸ் வந்து நின்றால் பெரும்பாலும் அது தலையைக்கூடத் தூக்காது. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிவிட்டது: இந்த வண்டி துரத்துவதும் இல்லை, தீனி போடுவதும் இல்லை. அதனால் பஸ்ஸைப் போக்குவரத்தாக நினைக்காமல், தினைப்புனத்துப் பரண் சக்கரம் கட்டி நகர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த டிக்கெட் வாங்குவது, எதைப் பையில் வைப்பது, எங்கே உட்காருவது எல்லாமே அந்த நினைப்பிலிருந்துதான் வரும்.

சாலை இப்போது பாதிதான்

பழைய பயணக் குறிப்புகளை வைத்துக்கொண்டு திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் இடறுவார்கள். 66-வது மைலில் ஐல்சன் பார்வையாளர் மையம், 85-வது மைலில் வொண்டர் ஏரி, அந்த ஏரியில் தலைகீழாகத் தெரியும் பனிமலை என்று படங்கள் எல்லாம் பிரமாதமாக இருக்கும். ஆனால் 2021 ஆகஸ்டிலிருந்து 43-வது மைலுக்கு அப்பால் பஸ் போகவில்லை. பிரிட்டி ராக்ஸ் என்ற சரிவில் சாலை அப்படியே கீழே நழுவிக்கொண்டிருப்பதுதான் காரணம். அடியில் உறைந்து கிடந்த மண்ணும் பனியும் இளகுகின்றன. 2014-க்கு முன்னால் ஆண்டுக்குச் சில அங்குலம் என்று நகர்ந்த சரிவு, 2021-ல் மணிக்கு அரை அங்குலத்துக்கும் மேல் நகர ஆரம்பித்தது. லாரி லாரியாகச் சரளை கொட்டிப் பார்த்தும் கட்டுப்படவில்லை. இப்போது அந்த இடத்தைத் தாண்ட ஒரு எஃகுப் பாலம் எழும்புகிறது. அது முடிந்து பஸ் விடும் ஆண்டில் தூரம், கட்டணம், நேரம் எல்லாம் மாறும். எனவே டிக்கெட் போடும் முன் பூங்காவின் அதிகாரபூர்வத் தளத்தில் அந்த ஆண்டுக்கான சாலை நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கீழே எழுதியிருப்பது 43-வது மைல் வரையிலான நாளுக்கு.

பாதிச் சாலைதானே என்று சோர வேண்டாம். விலங்கு பார்க்க வருகிறவருக்கு அந்த 43 மைலே தாராளம். கரடிக்குப் பேர்போன சேபிள் கணவாய் அதற்குள்ளேதான் இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 6,190 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, வட அமெரிக்காவிலேயே உயரமானது. அதன் பெயரை அமெரிக்க அரசு 2015-ல் டெனாலி என்று அறிவித்தது, 2025 ஜனவரியில் மறுபடி மவுண்ட் மெக்கின்லி ஆக்கியது. பூங்காவின் பெயர் 1980-லிருந்து டெனாலிதான், அதில் மாற்றம் இல்லை. வரைபடத்தில் இரண்டு பெயரும் வந்தால் மிரள வேண்டாம்.

எந்த பஸ்?

மூன்று வகை இருக்கின்றன. முதலாவது, சாவேஜ் ஆறு வரை போய்வரும் இலவச ஷட்டில். காரால் போகக்கூடிய அதே 15 மைல்தான். இரண்டாவது, வழிகாட்டி பேசிக்கொண்டே வரும் டூர் பஸ். ஏறினால் அதே பஸ்ஸில் திரும்பி வர வேண்டும், இடையில் இறங்கி நின்றுவிட முடியாது. டெக்லானிகா பகுதியோடு திரும்பும் சிறிய டூரும் உண்டு, 43-வது மைல் வரை போகும் பெரிய டூரும் உண்டு. மூன்றாவது டிரான்சிட் பஸ். பார்க்கப் பள்ளிக்கூட பஸ் மாதிரிதான் இருக்கும், கட்டணமும் டூரைவிடக் குறைவு. தொகுத்துச் சொல்லும் விளக்கவுரை இதில் கிடையாது. ஆனால் முக்கால்வாசி ஓட்டுநர்கள் வாய் சும்மா இருக்காதவர்கள், கேட்டால் நிறையவே சொல்வார்கள். முக்கியமான வசதி, நடுவழியில் இறங்கிக்கொண்டு பின்னால் வரும் வேறொரு டிரான்சிட் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்.

என் வாக்கு டிரான்சிட்டுக்குத்தான். 43-வது மைல் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். வயதானவர்கள் கூட வருகிறார்கள், ஆங்கில விளக்கத்தை உட்கார்ந்து நிதானமாகக் கேட்க ஆசை, இறங்கி நடக்கும் எண்ணமே இல்லை என்றால் டூர் பஸ் சரி. மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் தேவையில்லை. அதில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிவிடலாம்.

சக்கர நாற்காலி ஏற்றும் பஸ்கள் உண்டு, முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு அலாஸ்கா சட்டப்படி பஸ்ஸிலும் குழந்தை இருக்கை தேவை. கார் வாடகைக்கு எடுக்கும்போது வாங்கிய இருக்கையைக் காரிலேயே விட்டுவிட்டு வந்து பஸ் வாசலில் விழிக்காதீர்கள்.

எப்போது போவது, எப்படிப் பதிவு செய்வது

பஸ்கள் ஓடுவது மே 20 வாக்கில் தொடங்கிச் செப்டம்பர் நடுவாக்கில் முடிந்துவிடும். நான்கு மாதம்கூட இல்லை. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மூஸ் என்ற பெரிய மான் குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்காகவே கரடியும் ஓநாயும் சுற்றும். ஜூன் கடைசியில் இருட்டு என்பதே கிடையாது, இரவு 11 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூனும் ஜூலையும் கொசுவின் ராஜ்ஜியம். ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால் கொசு அடங்கிவிடும். தரை முழுக்கப் பரந்து கிடக்கும் குத்துச்செடிகள் சிவப்பும் மஞ்சளுமாகப் பழுக்கும், கரடிகள் பழம் தின்று கொழுக்க வெளியே கிடக்கும், ஆண் மூஸின் கொம்பு முழு அகலத்தில் இருக்கும். மழைக்கும் குளிருக்கும் தயாரென்றால் நான் சொல்வது ஆகஸ்ட் கடைசிதான். குழந்தைகளோடு, பள்ளி விடுமுறையில்தான் வர முடியும் என்றால் ஜூன் நல்லது.

முன்பதிவு முந்தைய டிசம்பரிலேயே தொடங்கிவிடும். நேரில் போய் வாங்கவும் சில சமயம் டிக்கெட் கிடைக்கும். ஆனால் இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்து அதை நம்பி நிற்பது சூதாட்டம். கூடுமானவரை காலையில் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள். விலங்குகள் காலையில் அதிகம் நடமாடும் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் இன்னும் முக்கியம்: சீக்கிரம் உள்ளே போனால், நடுவில் இறங்கி இரண்டு மணி நேரம் செலவழித்தாலும் திரும்பி வரப் பின்னால் நிறைய பஸ்கள் இருக்கும். மதிய பஸ்ஸில் போனால் அந்தச் சுதந்திரம் கிடையாது.

பஸ் டிக்கெட் வேறு, பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு. நுழைவுக்கு 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆளுக்கு 15 டாலர். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் வைத்திருந்தால் இந்த நுழைவுக்குச் செல்லும், பஸ்ஸுக்குச் செல்லாது.

தங்குவதற்குப் பூங்கா வாசலை ஒட்டி விடுதிகள் வரிசையாக உண்டு. வடக்கே 11 மைலில் ஹீலி என்ற ஊரில் இன்னும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். ஆங்கரேஜிலிருந்து வாசலுக்கு 240 மைல், ஃபேர்பேங்க்ஸிலிருந்து 120 மைல். அலாஸ்கா ரயிலும் நேரே வாசலில் இறக்கிவிடும். ஆங்கரேஜிலிருந்து வர ஒரு பகல் முழுக்க ஆகிவிடும், எனவே வந்த அன்றே பஸ் ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் முழுக்க மேகமும் தூறலுமாகப் போய்விடுவது அங்கே சகஜம்.

பையில் என்ன

பைனாகுலர். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. 8 மடங்கு பெரிதாக்கும் சாதாரணமானதே போதும். ஆனால் ஆளுக்கு ஒன்று வேண்டும். நாலு பேருக்கு ஒன்று என்று வந்தால், அது கைமாறி உங்களிடம் வருவதற்குள் ஓநாய் புதருக்குள் போயிருக்கும். முதல் நாள் ராத்திரியே விடுதி வாசலில் நின்று தூரத்து மரக்கிளையைப் பார்த்துக் கண்ணுக்குச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி கேமராவை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே எடுக்கும் கரடிப் படத்தில் கரடி எது என்று அம்புக்குறி போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கும். படம் வரவில்லை என்று வருத்தப்படுவதற்குள் நிஜக் கரடி போய்விடும். பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

சாப்பாடு. வாசல் பகுதியைத் தாண்டினால் பாதையில் கடை என்று ஒன்று கிடையாது, டிரான்சிட் பஸ்ஸிலும் எதுவும் விற்கமாட்டார்கள். கட்டுச்சோறு, நொறுக்குத்தீனி, ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். வாசலருகே உள்ள சின்னக் கடைகளில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வகை குறைவு, ஆங்கரேஜிலோ ஃபேர்பேங்க்ஸிலோ வாங்கிக்கொண்டு வருவது உத்தமம். டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

உடை அடுக்கடுக்காக. ஜூலையிலும் கணவாயில் நின்றால் காற்று எலும்பைத் தொடும், பனிகூட விழலாம். மழைச்சட்டை கட்டாயம். கொசு மருந்து, தலையை மூடும் கொசுவலை இரண்டும் ஜூன், ஜூலைக்கு. கைபேசி சிக்னல் வாசலிலிருந்து சில மைலிலேயே போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கி நடக்கப் போகிறவர்கள் கரடி ஸ்பிரே, அதாவது கரடி பாய்ந்து வந்தால் அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பான், வாங்க வேண்டும். அதை விமானத்தில் கையோடும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் போட முடியாது, அலாஸ்காவில் வந்துதான் வாங்க முடியும். வாங்கினால் பட்டனை எப்படி விடுவிப்பது என்று கடைக்காரரிடமே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஏறும் நேரம்

பஸ் நிலையம் பூங்காச் சாலையில் வாசலுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. அரை மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது, வழியில் நிறுத்தும் இடங்களில்தான் உண்டு. ஆகவே ஏறும் முன்பே போய்விடுங்கள்.

எந்தப் பக்கம் உட்காருவது? சாலை பெரும்பாலும் மேற்கு நோக்கிப் போகிறது, அலாஸ்கா மலைத்தொடர் தெற்கில் இருக்கிறது. எனவே போகும்போது இடப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம், மலைக்காட்சி அதிகம். விலங்குகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது, அவை இரண்டு பக்கமும் இருக்கும். இடம் கிடைக்கவில்லை என்று சண்டை போடாதீர்கள். திரும்பி வரும்போது பக்கம் மாறிவிடும், விலங்கு தென்பட்டதும் எல்லோருமே அந்தப் பக்கம் சாய்ந்து எட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். நீங்கள் சன்னலோரம் இருந்தால் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள், பின்னால் இருப்பவரும் பார்க்கட்டும்.

டிரான்சிட் பஸ் சன்னலைக் கீழே இறக்க இரண்டு பக்கத்துக் கொக்கியையும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். ஒருபக்கம் மட்டும் அழுத்தினால் கோணிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். பஸ் கிளம்பு முன்பே ஒருமுறை இறக்கி ஏற்றிப் பழகிக்கொள்ளுங்கள். கரடியைப் பார்த்த பதற்றத்தில் "டக் டக்" என்று அதனோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஒவ்வொரு பஸ்ஸிலும் உண்டு.

எங்கே எதைத் தேடுவது

டெனாலியில் ஐந்து பெரிய விலங்குகள் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள்: கிரிஸ்லி கரடி, ஓநாய், மூஸ், காரிபு, டால் ஆடு. ஐந்தையும் ஒரே நாளில் பார்த்தவர்கள் உண்டு, இரண்டோடு திரும்பியவர்களும் உண்டு. ஓநாய் மட்டும் அதிர்ஷ்டம் இருந்தால்தான். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிக்கப் போனால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் பிடித்த இடம் எது என்று தெரிந்துகொண்டு போனால் வெறும் சன்னல்கூடச் சுவாரசியமாகிவிடும்.

முதல் 15 மைல் மூஸுக்கு. ஸ்ப்ரூஸ் மரங்களும் வில்லோ புதர்களும் கலந்த ஈரக்காடு அது. மூஸ் மான் குடும்பத்திலேயே பெரியது, ஆண் 500 கிலோவைத் தாண்டும். அவ்வளவு பெரிய உடம்பு புதருக்குள் எப்படி மறைகிறது என்று ஆச்சரியமாக இருக்கும். முழு மூஸைத் தேடாதீர்கள். புதர் மட்டத்துக்கு மேலே கறுப்பாக ஒரு முதுகுக் கோடு, அசையும் ஒரு காது, இலையுதிர்காலமானால் வெளிர்நிறத்தில் மரக்கட்டை போல் கிடக்கும் கொம்பு, இவற்றைத் தேடுங்கள்.

சாவேஜ் ஆற்றுப் பாலம் தாண்டியதும் தார் முடிந்து சரளைச் சாலை. மரங்கள் குறைந்து துந்திரா வெளி விரியும். இங்கிருந்து காரிபு. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு முளைக்கும் ஒரே மான் இனம் அதுதான். வெயில் நாளில் ஈ, கொசுத் தொல்லை தாங்காமல், மலைச்சரிவில் இன்னும் உருகாமல் இருக்கும் பனித்திட்டின் மேல் போய்க் கூட்டமாக நிற்கும். எனவே கோடையில் வெள்ளைத் திட்டு எது தெரிந்தாலும் அதன் மேல் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 30-வது மைல் பக்கம் டெக்லானிகாவில் பஸ் நிற்கும். கழிப்பறை உண்டு, கீழே ஆறு பல இழைகளாகப் பிரிந்து சாம்பல் நிறத்தில் ஓடும். அந்தச் சரளைத் திட்டுகள் காரிபுக்கும் ஓநாய்க்கும் நடைபாதை. எல்லோரும் கழிப்பறை வரிசையில் நிற்கும்போது நீங்கள் ஆற்றங்கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பைனாகுலரால் துழாவுங்கள்.

டெக்லானிகாவைத் தாண்டினால் இக்லூ மலையும் கதீட்ரல் மலையும் சாலையை இருபுறமும் நெருக்கும். இது டால் ஆட்டின் இடம். வெள்ளை வெளேரென்ற மலையாடு, ஓநாய் ஏற முடியாத பாறை உச்சியில் மேயும். முதலில் பார்க்கும்போது அது பனித்துணுக்கா ஆடா என்று தெரியாது. நிறத்தைக் கவனியுங்கள். பனி லேசான நீலம் கலந்த வெள்ளை, ஆடு கொஞ்சம் மஞ்சள் தோய்ந்த வெள்ளை. பக்கத்தில் ஒரு கறுப்புப் பாறையை அடையாளம் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் விடாமல் பாருங்கள். துணுக்குக்கும் பாறைக்கும் இடையே உள்ள இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ அது ஆடு. ஒன்றைப் பிடித்துவிட்டால் பக்கத்திலேயே ஐந்தாறு கண்ணுக்குத் தட்டுப்படும். சுருண்ட தடித்த கொம்பு ஆணுக்கு, குட்டையான மெல்லிய கொம்பு பெண்ணுக்கு. ஆணும் பெண்ணும் கோடையில் தனித்தனிக் கூட்டமாகவே இருக்கும். இந்த ஆடுகளை ஆராய வந்த சார்லஸ் ஷெல்டன் என்ற இயற்கையாளர் விடாமல் முயன்றதால்தான் 1917-ல் இந்தப் பூங்காவே உருவானது.

39-வது மைல், சேபிள் கணவாய். மரமே கிடையாது, எல்லாம் முழங்கால் உயரச் செடி. கரடிக்கு இதைவிட நல்ல மேய்ச்சல் இடம் இல்லை. ஆமாம், மேய்ச்சல்தான். இந்தப் பக்கத்துக் கிரிஸ்லி பெரும்பாலும் தழையும் கிழங்கும் பழமும் தின்றே வாழ்கிறது. வசந்தத்தில் வேர், பிறகு பசும்புல், ஜூலை கடைசியிலிருந்து பழங்கள். குட்டி மூஸோ காரிபோ கிடைத்தால் விடாது, ஆனால் தினசரிச் சாப்பாடு அது இல்லை. தேடும்போது கறுப்புக் கரடியை மனதில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். இங்குள்ள கிரிஸ்லிகள் பல வைக்கோல் நிறத்தில் இருக்கும், கால் மட்டும் கருத்திருக்கும். தலையைக் கவிழ்த்து வேர் தோண்டும்போது தெரிவது தோள் திமில் ஒன்றுதான். அந்தத் திமிலும், அதற்கு முன்னால் சிதறிப் பறக்கும் மண்ணும் கண்ணில் பட்டால் கரடிதான். பழக்காலத்தில் அது கிளையை வாயால் பிடித்து உருவி உருவித் தின்றுகொண்டே போகும். ஒரு மணி நேரம் பார்த்தாலும் அந்தத் தலை நிமிராது.

மலையையே துழாவிக்கொண்டிருக்கும்போது சாலையை மறந்துவிட வேண்டாம். இடுப்பளவு புதரில் முட்டி மோதுவதைவிடச் சாலையில் நடப்பது எளிது என்று கரடிக்கும் ஓநாய்க்கும் தெரியும். பஸ்ஸுக்கு முன்னால் சாவகாசமாக நடந்து போகும், ஓட்டுநரும் பின்னாலேயே மெல்ல உருட்டிக்கொண்டு போவார். குஞ்சுகளோடு சாலையைக் கடக்கும் வில்லோ டார்மிகன் கோழிக்கும் அதே மரியாதை உண்டு. அது அலாஸ்காவின் மாநிலப் பறவை. நிறுத்தங்களில் காலடியில் ஓடும் தரை அணிலையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஏழெட்டு மாதம் குளிர்கால உறக்கத்தில் கிடக்கும்போது அதன் உடல் வெப்பம் உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 3 டிகிரி வரை, இறங்குகிறது. அப்படியும் உயிரோடு எழுந்து வருகிறது. ஆனால் தீனி மட்டும் போடக் கூடாது.

பஸ்ஸுக்குள் நடைமுறை

விலங்கு தேடுவது ஓட்டுநர் வேலை என்று சாய்ந்து உட்காராதீர்கள். அவருக்குச் சரளைச் சாலையையும் எதிர்வரும் பஸ்ஸையும் பார்த்தாக வேண்டும். ஐம்பது ஜோடிக் கண்கள்தான் பஸ்ஸின் பலம். எதையாவது பார்த்தால் சத்தமாக "ஸ்டாப்!" என்று ஒரே ஒரு முறை. பிறகு திசையைக் கடிகார முள் கணக்கில் சொல்லுங்கள். பஸ்ஸின் மூக்கு 12 மணி, வலக்கை நேர் 3 மணி, இடக்கை நேர் 9 மணி. "பத்து மணித் திசை, மலையின் பாதி உயரம், பெரிய பாறைக்கு இடது" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். "அதோ, அங்கே, அங்கே" என்று கை நீட்டினால் யாருக்கும் புரியாது. கடைசியில் அது பாறை என்று தெரிந்தால் வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் பாறைக்கு நிறுத்தியவர்கள்தான்.

நின்றதும் ஓட்டுநர் இன்ஜினை அணைப்பார். அப்போது கிசுகிசுப்புக்கு மேல் சத்தம் கூடாது. கை, தலை, கேமரா எதையும் சன்னலுக்கு வெளியே நீட்டக் கூடாது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும் சத்தம்கூட அந்த அமைதியில் பெரிதாகக் கேட்கும், சாப்பாட்டு வாசனையும் வெளியே போகும். எனவே சாப்பிடுவதைப் பஸ் ஓடும்போது வைத்துக்கொள்ளுங்கள். விசிலடித்தோ கூப்பிட்டோ விலங்கைத் திரும்ப வைக்கப் பார்ப்பது விதிமீறல். நம் ஊர்க்காரர்கள் குடும்பமாகப் போகும்போது சந்தோஷத்தில் குரல் தானாக ஏறும். குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது, பெரியவர்களிடமும்தான்.

இறங்கி நடக்க ஆசையா?

டிரான்சிட் பஸ்ஸில் ஓட்டுநரிடம் சொன்னால் இறக்கிவிடுவார். விலங்கு பக்கத்தில் இருந்தாலோ, சேபிள் கணவாய் போலச் சாலையை விட்டு இறங்கத் தடையுள்ள இடமானாலோ விடமாட்டார். மறுபடி ஏறச் சாலையோரம் நின்று கையாட்டினால் போதும், காலி இருக்கை இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். நிறைந்திருந்தால் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும். சில சமயம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். நாலு பேராக இருந்தால் இரண்டிரண்டாகப் பிரிந்து ஏற நேரும். இறங்கும்போதே கடைசி பஸ் அந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்கும் என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சாவேஜுக்கு அப்பால் போட்டு வைத்த நடைபாதைகள் அநேகமாக இல்லை, எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. புதியவர்களுக்கு நான் சொல்வது, சாலையிலேயே ஒன்றிரண்டு மைல் நடங்கள், அல்லது ஆற்றின் சரளைத் திட்டில் நடங்கள். புதருக்குள் போகாதீர்கள். அரை மைல் போக ஒரு மணி நேரம் ஆகும், எதிரே என்ன இருக்கிறதென்றும் தெரியாது. நடக்கும்போது பேசிக்கொண்டே நடங்கள். பஸ்ஸுக்குள் கிசுகிசு, வெளியே சத்தம் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். கரடியைத் திடுக்கிட வைப்பதுதான் ஆபத்து.

தூர விதி இரண்டு. கரடியிடமிருந்து 300 கஜம், அதாவது சுமார் 275 மீட்டர். மூஸ், காரிபு, ஆடு, ஓநாய் இவற்றிடமிருந்து 25 கஜம். 300 கஜம் அதிகம் என்று தோன்றும். 2012 ஆகஸ்டில் இங்கே தனியாக நடந்துகொண்டிருந்த ஒருவர் ஒரு கிரிஸ்லியை அதில் கால்பங்கு தூரத்தில் நின்று பல நிமிடங்கள் படம் எடுத்தார். கரடி அவரைக் கொன்றுவிட்டது. பூங்காவின் வரலாற்றில் கரடியால் நேர்ந்த முதல் மரணம் அதுதான்.

எதிர்பாராமல் கரடி எதிரே வந்துவிட்டால் ஓடக் கூடாது. நின்று, கையை மெல்ல உயர்த்தி ஆட்டி, சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே பின்வாங்க வேண்டும். மூஸ் பாய்ந்தால் நேர் எதிர்: ஓட வேண்டும், பெரிய மரமோ பாறையோ கிடைத்தால் அதற்குப் பின்னால் போய்விட வேண்டும். குட்டியோடு இருக்கும் தாய் மூஸைச் சாதுவான மாடு என்று நினைத்துப் பக்கத்தில் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வாசல் பக்கத்து முகாம்களிலும் அது நிற்கும், எனவே இந்த எச்சரிக்கை இறங்காதவர்களுக்கும் சேர்த்துத்தான்.

மலை தெரியுமா?

வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் அந்தப் பெரிய மலை தெரிகிறது. தன் மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயரம் அது. தெளிவான நாளில் 9-வது மைல் பக்கமே முதல் தரிசனம் கிடைக்கும், பிறகு மறைந்து சேபிள் கணவாய் வாக்கில் மறுபடி எட்டிப் பார்க்கும். காலையில் 9-வது மைலில் தெரிந்தால் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

திரும்பும்போது பாதிப் பஸ் தூங்கிக்கொண்டிருக்கும். காலையில் காலியாக இருந்த அதே சரிவில் மாலையில் காரிபு நிற்கும் என்பதால் தூங்காமல் இருப்பவர்களுக்கு லாபம். நிலையத்தில் இறங்கிய பிறகும் கோடையில் வெளிச்சம் மிச்சம் இருக்கும். 3-வது மைலில் பூங்காவின் பனிநாய்க் கொட்டில் இருக்கிறது. குளிர்காலத்தில் ரோந்துக்கு வண்டி இழுக்கும் நாய்கள் அவை, கோடையில் இலவசமாகச் செய்துகாட்டுவார்கள். நேரத்தைப் பார்வையாளர் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். நாயில் ஆர்வம் இல்லையென்றால் சாயங்காலம் இலவச ஷட்டிலில் சாவேஜ் ஆறு வரை இன்னொரு முறை போய் வாருங்கள். அங்கே ஆற்றைச் சுற்றி வரும் இரண்டு மைல் நடைபாதை சமதளமானது. காலையில் மூஸ் கிடைக்காதவர்களுக்கு அந்த 15 மைலில் இரண்டாவது வாய்ப்பு. கடைசி ஷட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு ஏறுங்கள்.